முப்பத்தொரு பதிவும் ஒரு வண்டியும்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாற்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கறுப்புக் கயிறு. பதினொரு பேர் வேலை பார்க்கும் அந்த இரண்டாம் மாடி அறையில் ஜன்னலோர மேசை அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகுதான் தெரியும் என்பதால் அந்த இடத்துக்கு யாரும் போட்டி போட்டதில்லை.

என்ன வேலை என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் அவளால் புரியவைக்க முடிந்ததில்லை. "ஃபோன்ல ஜனங்க என்ன எழுதறாங்கன்னு படிக்கிற வேலை" என்பாள். "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டதில் பொறாமையைவிட வருத்தம்தான் அதிகம். அந்த அம்மா அதையே நாள் முழுக்கச் சும்மா செய்துகொண்டிருந்தாள்.

சோப்பு விற்கிறவர்கள், வங்கிக்காரர்கள், மின்சார இலாகா என்று யார் வந்து கேட்டாலும், அவர்களைப் பற்றிச் சமூக வலைதளங்களில் என்ன பேச்சு ஓடுகிறது என்று பொறுக்கியெடுத்து, திட்டு இத்தனை பாராட்டு இத்தனை என்று பிரித்துக் கொடுப்பதுதான் தொழில். பொறுக்குவது இயந்திரம். ஆனால் இயந்திரத்துக்குக் குத்தல் பேச்சு புரியாது. 'அருமையான சேவை, ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன்' என்று ஒருவர் எழுதினால் அது பாராட்டுப் பக்கம் தூக்கிப் போட்டுவிடும். சல்லடை அதை எடுத்துத் திட்டுப் பக்கம் வைப்பாள். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு இப்படிக் கடப்பாள்.

பெயர் வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். ஒரு கைப்பேசிக் கடைக்காரர் ஒரே வாரத்தில் நானூறு பொய்க் கணக்குகளைத் தொடங்கி, தன் கடையைத் தானே புகழ்ந்துகொண்டார். அலுவலகம் மொத்தமும் ஏமாந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அதைக் கண்டுபிடித்தவள் இவள்தான். அன்றைக்கே உட்கார்ந்து விதி எழுதினாள். தொண்ணூறு நாள் ஆகாத கணக்கு எண்ணிக்கையில் சேராது. ஒரே கைப்பேசியிலிருந்து பத்துக் கணக்கு பேசினாலும் அது ஒரு வாய்தான். ஒரே ஆள் ஒரே படத்தை எத்தனை முறை போட்டாலும் ஒன்றுதான். மேலாளர் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் குடிதண்ணீர் எந்திரத்துக்கு மேலே மாட்டினார். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவள் அதை ஒரு தடவை படித்துவிட்டு வருவாள். பெற்ற பிள்ளையின் பரீட்சை மார்க்கைப் பார்க்கிற மாதிரி.

முப்பது என்ற எண்ணும் அவள் கொடுத்ததுதான். "ஒரு விஷயத்தப் பத்தி எத்தனை பதிவு இருந்தா நம்பலாம்?" என்று மேலாளர் கேட்டபோது அவள் திரையைப் பார்த்தாள். மேலும் கீழும் நகர்த்தாமல் ஒரே பார்வையில் முப்பது வரி தெரிந்தது. "முப்பது" என்றாள். அதற்குமேல் அந்த முப்பதுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் விதி என்று எழுதி வைத்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? முப்பதுக்குக் கீழே போனால் அந்த வரிக்குச் சாம்பல் நிறம், போதாது என்று அர்த்தம். முப்பதைத் தொட்டால் பச்சையோ மஞ்சளோ சிவப்போ, ஏதாவது ஒரு முடிவு.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அக்கா பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபோது இவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அக்காதான் எல்லாம். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களும் "தங்கச்சியையும் கூட்டிட்டுத்தான் வருவேன்" என்ற ஒரு வார்த்தையில் வந்த வழியே திரும்பிப் போயின. பிறகு தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். அது இரண்டு வருடத்தில் முறிந்து, ஒரு பெட்டியோடு தங்கை வாசலில் வந்து நின்றபோது அக்கா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா பாப்பா?" என்றாள். இன்றைக்கும் அவள் பாப்பாதான்.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்து வேலை. ஆறு மாடிப் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் இறங்கும். கறையைப் பார்த்துப் பிரித்து, இயந்திரத்தில் போட்டு, ஆவிப் பெட்டியில் உலர்த்தி, நாலு மூலையும் ஒட்ட மடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கட்டைவிரலை ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்தாக வேண்டும். மாதத்தில் மூன்று நாள் ஆறு மணி தாண்டினால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். பதினைந்து வருடம் விடாமல் முடித்தால் வேலை நிரந்தரம், கடைசிக் காலத்துக்கு ஒரு பிடிமானம். அக்கா பதின்மூன்று வருடமும் பத்து மாதமும் முடித்திருந்தாள். இன்னும் பதினான்கு மாதம். சமையலறைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள், மாதம் முடிந்ததும் ஒன்றை ஈரத்துணியால் துடைப்பாள். முட்டி இரண்டும் போய்விட்டன, ஆனால் அந்தக் கோடுகளை எல்லாம் துடைத்து முடிக்கிறவரைக்கும் தாங்கும் என்பது அவளுடைய கணக்கு.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வரலாம்.

பேருந்து நிர்வாகம் ஆறு வழித்தடங்களை நிறுத்த வேண்டியிருந்தது. எதை என்று தாங்களே முடிவெடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே; மக்களே சொன்னார்கள் என்று காட்ட ஒரு காகிதம் தேவைப்பட்டது. மொத்தம் ஐம்பத்தெட்டுத் தடங்கள். ஆறு வாரப் பதிவுகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். முதல் தடத்தைப் பற்றி மட்டும் ஒன்பதாயிரம் பதிவு. கல்லூரி வழியே போகிற வண்டி, ஏறினவன் இறங்குவதற்குள் நாலு பதிவு போட்டுவிடுவான். அடுத்தடுத்த தடங்களில் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வந்து, இருபத்துமூன்றாம் தடத்தில் இருபத்தொன்பதில் நின்றது.

முப்பதுக்கு ஒன்று குறைவு. அந்தப் பக்கத்தில் ஏற்கனவே நாலு வரி சாம்பலாக இருந்தது. மேலாளர் காலையில்தான் பொருமியிருந்தார். "சாம்பலைக் குடுத்தா அவங்க எதுக்கும்மா நம்மகிட்ட வரணும்? முடிவு கேக்கறாங்க, நாம தெரியலைன்னு எழுதி அனுப்பறோம்." மணி நாலே கால். ஐந்து மணிக்கு அக்காவின் முட்டியைக் காட்ட மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தாள். ஒதுக்கிவைத்த பதிவுகளில் பார்த்தாள். ஒரே ஆள் காலிப் பேருந்தின் படம் ஒன்றை மூன்று முறை போட்டிருந்தான். அவளுடைய விதிப்படி அதில் இரண்டைத் தள்ளியிருந்தாள். தள்ளிய இரண்டையும் எடுத்து உள்ளே போட்டாள். முப்பத்தொன்று ஆனது. ஐந்து வருடத்தில் அவள் விதியைத் தளர்த்தியது அந்த ஒரே தடவை.

முப்பத்தொன்றில் இருபத்தாறு பதிவு, 'காலியா ஓடுது' என்றது. எல்லாம் காலை ஆறரை, ஏழு மணிக்கு எழுதியவை, பெரும்பாலும் மாடியிலிருந்து எடுத்த படங்கள். பக்கத்து மேசைக்காரனிடம் தள்ளிவிட்டாள். விளக்கப்படம் வரைகிறவன் அவன், பெயர் வட்டம். இருபத்தாறை முப்பத்தொன்றால் வகுத்து எண்பத்துநான்கு சதவீதம் என்று ஒரு வட்டம் போட்டு, அதில் பெரும்பங்கைச் சிவப்பாக்கினான். ஒன்பதாயிரத்துக்குப் போட்ட வட்டமும் முப்பத்தொன்றுக்குப் போட்ட வட்டமும் ஒரே அளவு. பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? மனசு கேட்காமல் அடியில் பொடி எழுத்தில், 'முப்பத்தொரு பதிவுகள் மட்டும், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று ஒரு வரி எழுதினாள். பக்கம் நீண்டுபோகிறதென்று அந்த வரியை மேலாளர் எடுத்துவிட்டார். அவள் அப்போது படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள், அக்கா காத்திருப்பாளே என்று.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா காலை வெந்நீரில் வைத்தபடி சொன்னாள்: "மீசை வண்டிய நிறுத்தப் போறாங்களாம் பாப்பா. நிக்கற எடத்துல காகிதம் ஒட்டியிருக்கான். யாரோ படிச்சுச் சொன்னாங்க."

"எந்த நம்பர்க்கா?"

"நம்பர் யார் பாத்தா? அந்த நேரத்துக்கு வர்றது அது ஒண்ணுதான். மீசைக்காரர் ஓட்டறாரு, மீசை வண்டி."

சல்லடை கையிலிருந்த துண்டை மடித்துக் கீழே வைத்தாள். அவள் வேலைக்குக் கிளம்புவது ஒன்பது மணிக்கு, வேறு தெருவில், வேறு வண்டியில். பதின்மூன்று வருடமாக அக்கா எந்த வண்டியில் போகிறாள் என்று அவள் கேட்டதே இல்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அக்காவோடு கூடவே போனாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் காகிதம் தெளிவாகவே இருந்தது. வழித்தடம் 23. சமூக வலைதளங்களில் கருத்துச் சொன்ன பொதுமக்களில் 84 சதவீதம் பேர் தேவையற்றது எனக் கருதுவதால், வரும் மாதம் முதல் நிறுத்தப்படுகிறது. பதினைந்து நாட்களுக்குள் வலைதளங்களில் கருத்துத் தெரிவித்தால் மறுபரிசீலனை செய்யப்படும்.

எண்பத்துநான்கு என்ற எண் எந்த மேசையில் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து இருபதுக்கு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு மீசை உண்மையிலேயே பெரிதுதான், ஆனால் நரைத்திருந்தது. சல்லடை ஏறி நின்றுகொண்டு எண்ணினாள். நாற்பத்தாறு பேர். சலவைக்கூடத்து ஆட்கள், மாடி துடைக்கிறவர்கள், நோயாளிகளுக்குச் சமைக்கிறவர்கள், பிணவறைக் காவல்காரர் ஒருவர். ஒருவருக்கும் நடத்துனர் சீட்டுக் கிழிக்கவில்லை. எல்லாரிடமும் ஆஸ்பத்திரி கொடுத்த மாத அட்டை. அதைக் காட்டக்கூட வேண்டியதில்லை, முகமே போதும். ஆகவே சீட்டு எந்திரத்திலும் இந்த நாற்பத்தாறு பேர் கிடையாது. பாதிப் பேரிடம் பொத்தான் வைத்த பழைய கைப்பேசி, மீதிப் பேர் முன்கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எங்கே போய் எழுதுவது? எழுதினாலும் மீசை வண்டி என்றுதான் எழுதியிருப்பார்கள். அவளுடைய இயந்திரம் இருபத்துமூன்று என்ற எண்ணைத்தான் தேடியது.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். சல்லடை இறங்கவில்லை. ஆறரைக்கு வண்டி அவள் ஒருத்தியோடு திரும்பியது. பாதி வழியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகள். மூன்றாவது மாடியில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் காப்பிக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் கைப்பேசியை உயர்த்திப் பேருந்தைப் படம் எடுத்தான். அவனும் பொய் சொல்லவில்லை. அவன் எழுந்திருக்கிற நேரத்துக்கு அந்த வண்டி தினமும் காலியாகத்தான் போகும்.

அன்று மதியமே அந்தப் படம் அவள் திரையில் வந்தது. 'வழித்தடம் 23, இன்னைக்கும் காலி. ஒரே ஒரு அம்மா. இதுக்கு ஒரு பஸ்ஸா?' கண்ணாடி வழியாக அவளுடைய கொண்டை தெரிந்தது.

அதற்கப்புறம் ஆறு நாள் அவள் ஐந்து மணிக்கு எழுந்தாள். வண்டியிலேயே ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, பெயர் கேட்டு, கணக்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கி, தலைப்பில் வழித்தடம் 23 என்று போட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே தட்டினாள். கைப்பேசி உள்ளவர்களுக்கு அவர்களுடையதில், மற்றவர்களுக்குத் தன்னுடையதில். முதல் கணக்கு அக்காவுக்கு. அக்கா நெடுநேரம் யோசித்து, "ஆறு மணிக்கு வெரல் வைக்கணும். வண்டி இல்லாட்டி முடியாது" என்றாள். பிணவறைக் காவல்காரர், "நான் போய்த் திறந்தாதான் வெளிய நிக்கறவங்க அவங்கவங்க மனுஷங்களக் கூட்டிட்டுப் போக முடியும்" என்று எழுதச் சொன்னார். மாடி துடைக்கிற ஒரு அம்மா, "எனக்கு அழகாப் பேசத் தெரியாது. வண்டி வேணும், அவ்வளவுதான்" என்றாள். சல்லடை அதையும் அப்படியே போட்டாள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

பெரும்பாலும் புத்தம்புதுக் கணக்கு, பலதும் ஒரே கைப்பேசி. சல்லடையில் தங்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். விதியை எழுதினவள் நான், எனக்காக ஒரு தடவை விதி வழிவிடாதா என்ற நப்பாசைதான்.

மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா, வண்டி, முப்பத்தெட்டுப் பேர், உள்ளே தூக்கிப் போட்ட அந்த இரண்டு பதிவு, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விதிய இப்ப நானும் மாத்த முடியாதும்மா. போன வருஷமே எந்திரத்துல ஏத்தியாச்சு. ஒப்பந்தத்துலயே சேத்துக் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க அக்காவுக்காக இன்னைக்கு மாத்தினா, நாளைக்கு எவனோ தன் மச்சானுக்காக மாத்தச் சொல்வான். நீங்களே சொன்னதுதானே இது."

"அவங்க பொய் ஆளுங்க இல்ல சார். நான் கண்ணால பாத்தேன்."

"எனக்குத் தெரியுது. எந்திரத்துக்குத் தெரியாதே."

"அந்த ரெண்டு பதிவு சேக்காம இருந்திருந்தா சாம்பல் சார். சாம்பல்னா நிறுத்தியிருக்க மாட்டாங்க."

"சாம்பல்னா சீட்டுக் கணக்கைப் பாப்பாங்க. அதுலயும் காலிதான்னு நீங்களே சொல்றீங்க. சரி, தப்பு நடந்துதுன்னு எழுதிக் குடுங்க. மறைக்க வேண்டாம், நானே அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் சொன்னபடி அனுப்பினார். நிர்வாகத்திலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: கவனத்தில் கொள்ளப்பட்டது.

பதினைந்தாம் நாள் இயந்திரம் சலித்து முடித்தது. முப்பத்தெட்டில் முப்பத்தாறு உதிர்ந்தன. சமையல்காரர் ஒருவர் தன் மகனுடைய பழைய கணக்கிலிருந்து போட்டதும், பிணவறைக் காவல்காரர் எப்போதோ தொடங்கி மறந்துபோயிருந்த கணக்கிலிருந்து போட்டதும் தங்கின. அவற்றோடு மூன்றாவதாக அந்த அடுக்குமாடிக்காரனின் படம், ஒரே ஒரு அம்மா. ஆக மூன்று பதிவு. முப்பதுக்குக் கீழே, சாம்பல். மாற்றம் செய்யப் போதுமான ஆதாரம் இல்லை என்று அறிக்கையில் விழுந்தது. நிறுத்துவதற்கு முப்பத்தொன்று போதுமாக இருந்தது, நிறுத்தாமல் இருப்பதற்கு எதுவும் போதவில்லை.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்து நிர்வாக அலுவலகத்துக்கே போனாள். ஆறு காலையும் எண்ணி எழுதிய நோட்டைக் கையில் வைத்திருந்தாள். நாற்பத்தாறு, நாற்பத்துநான்கு, நாற்பத்தேழு என்று தேதி போட்டு, யார் எங்கே ஏறினார்கள் என்பதோடு. அதிகாரி மரியாதையானவர், உட்காரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா ஆறு நாள்தானே. ஒரே ஒரு நடை, ஒரே ஆள் எண்ணினது. அதுலயும் உங்க சொந்தக்காரங்க வேற போறாங்கன்னு சொல்றீங்க. இவ்வளவு சின்னக் கணக்க வச்சு நாங்க எப்படி முடிவெடுக்கறது?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அவளே இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த அலுவலகத்துக் காவல்காரர் வந்து வழியில் உட்காரக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். எண்பத்துநான்கு எங்கிருந்து வந்தது, முப்பத்தொன்று எப்படி வந்தது, அந்த வியாழக்கிழமை நாலே கால் மணிக்கு என்ன செய்தாள், எல்லாம் சொன்னாள். மருத்துவரிடம் நேரமானதைச் சொல்ல நாக்கு வரையில் வந்தது, ஆனால் அந்தச் சப்பைக்கட்டை விழுங்கிவிட்டாள்.

அக்கா தண்ணீரை வடித்துவிட்டுக் கேட்டாள். "முப்பத்தொரு பேரா? அவங்கல்லாம் எங்க ஏறுவாங்க?"

"அவங்க ஏறமாட்டாங்கக்கா. பாத்தவங்க."

"ஓ" என்றாள் அக்கா. உலையை அடுப்பில் ஏற்றினாள். "நீ வேணும்னா பண்ணின? விடு. மூஞ்சியக் கழுவிட்டு வா."

அக்கா திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்றாம் தேதி வண்டி வரவில்லை. அக்கா நாலு மணிக்கே எழுந்து நடந்தாள். நல்ல முட்டிக்கு ஒரு மணி நேர வழி, அவளுக்கு ஒன்றே முக்கால். சல்லடை கூடவே நடந்து, ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தாள். முதல் நாள் ஐந்து ஐம்பத்தெட்டு. இரண்டாம் நாள் ஆறு மணி நாலு நிமிஷம். நான்காம் நாள் மழை, ஆறு இருபது. அடுத்த வாரம் ஒரு நாள் பாதி வழியில் அக்கா ஒரு கடையின் மூடிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "கொஞ்சம் இரு பாப்பா" என்றாள். அந்தக் கொஞ்சத்தில் ஆறு மணி போய்விட்டது. மூன்று ஆகிவிட்டது.

மீசை வண்டியில் வந்த நாற்பத்தாறு பேரில் பதினேழு பேர் அந்த மாதத்தில் வேலை இழந்தார்கள். அந்த எண்ணிக்கையும் சல்லடையுடையதுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். யாருக்குக் காட்டுவது?

அக்கா வீட்டோடு இருந்தாள். நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து, வீட்டிலிருக்கிற இரண்டே இரண்டு படுக்கை விரிப்புகளை உதறி, நாலு மூலையும் ஒட்ட ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து அலமாரியில் வைப்பாள். ராத்திரிக்குப் பிரித்துப் போடுவதை மறுநாள் மறுபடி மடிப்பாள். சுவரில் பதின்மூன்று கரிக்கோடு மிச்சம் இருந்தது. சல்லடை ஒருநாள் அதைத் துடைக்கப் போனபோது, "இருக்கட்டும்" என்று அக்கா தடுத்தாள். வேலை தேடிப் பார்த்தார்கள். முட்டியைப் பார்த்ததும் எல்லாரும் அப்புறம் சொல்கிறோம் என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து, தொடர் அறிக்கை என்று ஒன்றை நிர்வாகம் கேட்டது. நிறுத்திய ஆறு தடங்களைப் பற்றி அதற்கப்புறம் எத்தனை புகார் வந்தது, அது ஒன்றுதான் கேள்வி. புகார் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சல்லடை நாள்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். வண்டியில் உட்கார்ந்து தொடங்கிய கணக்குகள் எல்லாவற்றுக்கும் தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. சொந்தக் கைப்பேசியில் தொடங்கியவர்கள் இப்போது தாராளமாகத் தங்குவார்கள், அவள் கைப்பேசியில் தொடங்கியவர்களும் ஒரு வாயாகவாவது எண்ணப்படுவார்கள். இப்போது அவர்கள் ஒரு வரி எழுதினாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்.

அன்று சாயங்காலமே தெரிந்தவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். மாடி துடைக்கிற அம்மா வேறு ஊருக்கு மகளிடம் போய்விட்டாள். பிணவறைக் காவல்காரரின் எண் வேறு யாரிடமோ இருந்தது. சமையல்காரர், "இனிமே எழுதி என்னம்மா ஆகப்போவுது?" என்று வைத்துவிட்டார். கடைசியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் கணக்கைத் திறந்து கைப்பேசியை நீட்டினாள்.

"ஒரு வரி சொல்லுக்கா. இப்ப எண்ணுவாங்க."

அக்கா கைப்பேசியை வாங்கவில்லை. அன்றைக்கு எழுதிய அந்த ஒற்றை வரியைச் சல்லடை படித்துக் காட்டினாள். வண்டி இல்லாட்டி முடியாது.

"நான்தான் இப்ப எங்கயும் போறதில்லையே பாப்பா" என்றாள் அக்கா. "எனக்கு எதுக்கு வண்டி? போறவங்க யாராவது எழுதட்டும்."

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சல்லடை அறிக்கையை முடித்தாள். இருபத்துமூன்றாம் தடம், புகார், பூஜ்யம். வட்டம் தன் வேலையை ஒரு நிமிஷத்தில் செய்தான்; இந்த முறை பங்கு பிரிக்க எதுவும் இல்லை, வட்டம் முழுக்கப் பச்சை. மேலாளர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நிர்வாகத்துக்கு ரொம்பத் திருப்தி, அடுத்தாற்போல இன்னும் ஆறு தடம் பார்க்கச் சொல்கிறார்கள் என்றார்.

அவள் பட்டியலை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் பிடிக்கப் போனபோது மேலிருந்த விதித் தாளைத் தலை நிமிர்த்திப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு உட்கார்ந்து முதல் தடத்தைத் திறந்தாள். பதினெட்டுப் பதிவுகள் இருந்தன.